வீடு தேடி வரும் ஊழியரும் அவருக்கு வழிகாட்டும் மேற்பார்வையாளரும்



"பாராத பயிரும் கெடும், கேளாத கடனும் கெடும்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். நாற்று நட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் விளைச்சல் வருமா? வராது. நாள்தோறும் வரப்பில் நடந்து பார்க்க வேண்டும். தண்ணீர் வற்றிவிட்டதா, பூச்சி விழுந்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். பயிருக்கே இப்படி என்றால், கைகால் வளர்ச்சியிலோ, அறிவு வளர்ச்சியிலோ, காது கேட்பதிலோ குறைபாடு உள்ள குழந்தைக்குத் தரும் பயிற்சிக்கு எவ்வளவு கவனிப்பு வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இத்தகைய குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு இப்போது மறுவாழ்வு ஊழியர்கள் வந்து பயிற்சி தருகிறார்கள். அவர்கள் வந்துபோன சில நாட்களில் இன்னொருவர் வருகிறார். நோட்டை வாங்கிப் பார்க்கிறார். குழந்தையைத் தொட்டுப் பார்க்கிறார். உங்களிடம் நாலு கேள்வி கேட்கிறார். "இவர் எதுக்கு வர்றார்? நம்மை வேவு பார்க்கவா? அந்தப் பொண்ணு மேல குத்தம் கண்டுபிடிக்கவா?" என்று பல வீடுகளில் சந்தேகப்படுகிறார்கள்.

இரண்டும் இல்லை. அவர் மேற்பார்வையாளர். அவர் வருவது உங்கள் குழந்தையின் நன்மைக்காக. அந்த வேலையில் தாய்க்கும் தகப்பனுக்கும் பங்கு உண்டு. இதை விளக்குவதே இந்த வெளியீட்டின் நோக்கம்.

வீட்டுக்கு வருபவர்கள் யார் யார்?

கிராம சுகாதார செவிலியரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் உங்களுக்கு நன்றாகத் தெரியும். குறைபாடு உள்ள குழந்தைக்காக வேறு சிலரும் வரலாம்.

1. மறுவாழ்வு ஊழியர்: பெரும்பாலும் பக்கத்து ஊரைச் சேர்ந்தவர். பயிற்சி பெற்று வீடு வீடாக வருபவர்.

2. இயன்முறை மருத்துவர்: பிசியோதெரபிஸ்ட் என்பார்கள். கை, கால், கழுத்து, முதுகு ஆகியவற்றின் அசைவுக்குப் பயிற்சி தருபவர்.

3. செயல்முறைப் பயிற்சியாளர்: சாப்பிடுவது, உடை உடுத்துவது, எழுதுவது முதலிய அன்றாட வேலைகளைக் குழந்தை தானே செய்யப் பழக்குபவர்.

4. பேச்சுப் பயிற்சியாளர்: பேச்சு, காது, விழுங்குதல் ஆகியவற்றில் உள்ள சிரமத்தைக் கவனிப்பவர்.

5. சிறப்பு ஆசிரியர்: படிப்பில் பின்தங்கும் குழந்தைக்குத் தனி முறையில் கற்பிப்பவர்.

6. சமூகப் பணியாளர்: அடையாள அட்டை, உதவித்தொகை, பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றுக்கு வழி சொல்பவர். வீட்டில் உள்ள மனக்கஷ்டத்தையும் காது கொடுத்துக் கேட்பவர்.

இந்திய அரசு 2013-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் சென்று குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. குறை தென்பட்டால் மாவட்ட அளவில் உள்ள தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். பக்கவாதத்தால் படுத்த பெரியவர்களுக்கு இது பேருதவி.

மேற்பார்வை என்றால் என்ன?

கிராம சுகாதார செவிலியரின் வேலையைப் பகுதி சுகாதார செவிலியர் வந்து பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். மறுவாழ்வுப் பணியிலும் அதே ஏற்பாடுதான். ஆனால் இங்கே மேற்பார்வை என்பது கையெழுத்துச் சரிபார்ப்பது மட்டும் அல்ல. ஆல்பிரட் கடூஷின் என்ற சமூகப்பணிப் பேராசிரியர் 1976-இல் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மேற்பார்வையாளருக்கு மூன்று வேலைகள் உண்டு என்று அவர் பிரித்துக் காட்டினார். அவற்றை நம் வழக்கில் இப்படிச் சொல்லலாம்.

முதலாவது, கணக்குப் பார்ப்பது. ஊழியர் சொன்ன நாளில் வந்தாரா? குறிப்பேட்டில் எழுதினாரா? மரியாதையாக நடந்துகொண்டாரா? விதிப்படி வேலை நடக்கிறதா?

இரண்டாவது, கற்றுத் தருவது. எந்தக் குழந்தைக்கு எந்தப் பயிற்சி? இந்த மாதம் எதை மாற்ற வேண்டும்? ஊழியர் கையாளும் முறை சரியா? சரியில்லை என்றால் சரியானதைச் செய்து காட்டுவது.

மூன்றாவது, தெம்பு தருவது. துயரம் நிறைந்த வீடுகளுக்குத் தினமும் போய்வரும் ஊழியருக்கும் மனசு உண்டு. அவர் சோர்ந்துபோகாமல் தாங்கிப் பிடிப்பது.

இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் இழப்பு குழந்தைக்குத்தான். கணக்கு மட்டும் பார்த்தால் ஊழியர் நோட்டை நிரப்புவார். குழந்தை அப்படியே இருக்கும். கற்றுத் தராவிட்டால் அன்போடு செய்கிற பயிற்சியும் தவறாகப் போய்விடும். தெம்பு தராவிட்டால் நல்ல ஊழியர் வேலையை விட்டுப் போய்விடுவார்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு வீட்டில் பத்து மாதக் குழந்தை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னும் உட்காரவில்லை. தூக்கினால் கால்கள் விறைத்துக் கத்தரிக்கோல் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. மூளைவாதம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஊழியர் வாரம் ஒருமுறை வருகிறார். "காலை நீட்டி நீட்டி விடுங்க அக்கா" என்று சொல்லியிருக்கிறார். தாயும் தினமும் செய்கிறாள். குழந்தையோ வீரிட்டு அழுகிறது. விறைப்பும் குறையவில்லை. தாய்க்குச் சலிப்பு. ஊழியருக்கும் பயம். மாமியார், "பிள்ளையைப் போட்டு வதைக்காதே, விட்டுடு" என்கிறார்.

இந்த நேரத்தில் மேற்பார்வையாளர் வருகிறார். முதலில் குழந்தையைத் தொடவில்லை. "நீங்க தினமும் எப்படித் தூக்குவீங்க, எப்படிச் சோறு ஊட்டுவீங்க? செஞ்சு காட்டுங்கம்மா" என்று தாயிடம் கேட்கிறார். தாய் குழந்தையின் இரு கால்களையும் சேர்த்து நீட்டினாற்போல் பிடித்துத் தூக்குகிறாள். மடியில் மல்லாக்கப் படுக்கவைத்துக் கூழ் ஊட்டுகிறாள். குழந்தைக்குப் புரை ஏறுகிறது.

மேற்பார்வையாளருக்கு இரண்டு காரியங்கள் விளங்கிவிட்டன. விறைத்த காலைப் பலவந்தமாக இழுத்தால் விறைப்பு கூடும். கால்களைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கினால் கத்தரிப்பு வலுக்கும். ஆகவே முழங்காலை மெதுவாக மடக்கி, கால்களை அகட்டி, இடுப்பில் உட்காரவைத்துத் தூக்கச் சொல்கிறார். நம் தாய்மார்கள் பிள்ளையை இடுப்பில் வைப்பார்களே, அதே முறைதான். ஊட்டும்போது நிமிர்த்தி உட்காரவைத்து, தலை பின்னால் சாயாமல் சற்றே முன்னுக்கு இருக்கும்படி தாங்கச் சொல்கிறார். அப்படி ஊட்டினால் புரை ஏறுவது குறையும். எந்த இழுப்பு, எத்தனை தடவை, எவ்வளவு மெதுவாக என்பதை ஊழியரின் கையைப் பிடித்தே பழக்குகிறார்.

பிறகு திண்ணையில் ஊழியரோடு தனியே உட்கார்ந்து பேசுகிறார். "நீ நினைச்சது சரிதான். கையாண்ட விதத்தைத்தான் மாத்தணும். குழந்தை அழுதப்பவே எனக்குப் போன் பண்ணியிருக்கலாமே" என்கிறார். ஊழியர் பயம் தெளிகிறார்.

இங்கே யாரும் யாரையும் வேவு பார்க்கவில்லை. ஊழியரை ஊர் முன்னால் திட்டவில்லை. ஆனால் தவறான பழக்கம் ஒன்று பத்தாவது மாதத்திலேயே நின்றுபோயிற்று. கவனியாமல் விட்டிருந்தால் மூட்டுகள் இறுகிப்போகும் நிலை வரும். பிறகு அதை மீட்பது மிகவும் கடினம்.

காலம் ஏன் முக்கியம்?

முதல் சில ஆண்டுகளில் மூளை மிக வேகமாக வளர்கிறது. அப்போது தரும் பயிற்சிக்குப் பலன் அதிகம். ஆகவே கீழே உள்ளவற்றில் எதைக் கண்டாலும் "தானா சரியாயிடும்" என்று காத்திருக்க வேண்டாம்.

— நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை.
— ஒன்பது மாதம் தாண்டியும் துணையின்றி உட்காரவில்லை.
— ஒன்றரை வயது முடிந்தும் தனியே நடக்கவில்லை.
— பின்னாலிருந்து கூப்பிட்டாலும் கை தட்டினாலும் திரும்பவில்லை.
— முன்பு செய்த ஒன்றைக் குழந்தை இப்போது செய்வதில்லை.

காது விஷயத்தில் மருத்துவர்கள் 1, 3, 6 என்று கணக்குச் சொல்வார்கள். பிறந்த 1 மாதத்துக்குள் காதுப் பரிசோதனை. குறை தென்பட்டால் 3 மாதத்துக்குள் உறுதி செய்தல். 6 மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும் தொடங்குதல்.

பாதம் உள்நோக்கி வளைந்து பிறக்கும் குழந்தைக்குப் பொன்செட்டி முறையில் வாரம் ஒருமுறை மாவுக்கட்டு மாற்றி மாற்றிப் போட்டு நேராக்குகிறார்கள். கட்டுப் பிரித்தபின் கால் அழகாக இருக்கும். அங்கேதான் ஆபத்து. முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம் விசேஷக் காலணி மாட்ட வேண்டும். அதன்பின் நான்கைந்து வயது வரை தூங்கும்போது மாட்ட வேண்டும். "கால்தான் சரியாப் போச்சே" என்று காலணியைக் கழற்றி மூலையில் போட்டால் கால் மறுபடி வளைந்துவிடும். மேற்பார்வையாளர் வந்து, "காலணி எங்கே? ராத்திரி மாட்டுறீங்களா?" என்று கேட்பது இதற்காகத்தான். அந்தக் கேள்விக்குக் கோபப்படாதீர்கள். மாட்டவில்லை என்றால் மாட்டவில்லை என்றே சொல்லுங்கள். புண்ணாகிறது, அளவு சிறிதாகிவிட்டது என்றால் அதையும் சொல்லுங்கள். மாற்று வழி உண்டு.

இந்த முறை எப்படி வந்தது?

1978-இல் அல்மா அட்டா நகரில் நடந்த உலக மாநாடு, அனைவருக்கும் ஆரம்ப சுகாதாரம் வேண்டும் என்று அறிவித்தது. அதன் வழியில் உலக சுகாதார நிறுவனம், மாற்றுத்திறனாளிகளுக்கு அவர்கள் வாழும் ஊரிலேயே மறுவாழ்வு தரும் முறையைப் பரப்பியது. 1989-இல் இதற்கென வெளியிட்ட கையேட்டில் குடும்பத்தாருக்குச் சில பகுதிகளும், உள்ளூர் மேற்பார்வையாளருக்கு ஒரு வழிகாட்டியும் இருந்தன. குடும்பமும் மேற்பார்வையாளரும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும் என்பதை அப்போதே உணர்ந்திருந்தார்கள்.

நம் நாட்டில் 1992-இல் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் வந்தது. சிறப்பு ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் போன்றோர் அக்கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பதிவைப் புதுப்பிக்க, தொடர்ந்து பயிற்சி வகுப்புகளுக்கும் போய்வர வேண்டும். இயன்முறை மருத்துவம் முதலிய துறைகளுக்கு 2021-இல் தனிச் சட்டம் வந்தது. படித்து முடித்தவரும் படித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதே இவற்றின் கருத்து.

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இதற்கு ஒரு நல்ல உதாரணம். ஊழியர்கள் கிராமத்து வீடுகளுக்குச் சென்று பயிற்சி தருகிறார்கள். இயன்முறை மருத்துவர் முதலிய நிபுணர்கள் அவர்களுக்கு மேலிருந்து வழிகாட்டுகிறார்கள். குழந்தையின் முன்னேற்றத்தைக் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்வதால், தூரத்தில் உள்ள நிபுணரும் பார்த்து யோசனை சொல்ல முடிகிறது.

தம்பதியர் செய்ய வேண்டியவை

1. மேற்பார்வையாளர் வரும் நாளில் கணவன், மனைவி இருவரும் இருக்கப் பாருங்கள். "அது பொம்பளைங்க வேலை" என்று தகப்பன் வயலுக்குப் போய்விடக் கூடாது. காலையிலோ மாலையிலோ வரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

2. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஊழியர் வராத வாரம் இருந்தால் சொல்லுங்கள். நீங்கள் பயிற்சி செய்யாத நாள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். "பாவம், அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும்" என்று மறைத்தால், இழப்பு உங்கள் பிள்ளைக்கு.

3. ஊழியர் நன்றாகச் செய்தால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு நல்ல சொல் அவருக்கு ஒரு மாதத் தெம்பு.

4. புரியாவிட்டால் மறுபடி செய்து காட்டச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் அவர் எதிரிலேயே செய்து காட்டுங்கள்.

5. அட்டை, மருந்துச் சீட்டு, குறிப்பேடு எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். ஊழியர் மாறினாலும் புதியவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

6. வலிப்பு மாத்திரையை யார் சொன்னாலும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மருந்தை மாற்றுவது ஊழியரின் வேலையும் அல்ல, மேற்பார்வையாளரின் வேலையும் அல்ல.

உங்களுக்கு உள்ள உரிமை

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொள்கிறது. குறைபாடு உள்ளவரும் மற்றவரைப் போலக் கண்ணியத்துடன் வாழ உரிமை உண்டு என்கிறது. ஆகவே ஊழியர் உதவி செய்கிறார் என்பதற்காக எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அரசுப் பணியாளர் பணம் கேட்டால், குழந்தையை அடித்தால், "நொண்டி, ஊமை" என்று இழிவாகப் பேசினால், கதவை மூடிக்கொண்டு தனியே பயிற்சி தருவேன் என்றால், உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் முதல் நாளே கேட்டு எழுதி வையுங்கள். அவர் கேட்கவில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் மனு கொடுக்கலாம்.

ஊழியரும் மனிதர்தானே!

வெயிலில் ஐந்தாறு ஊர் சுற்றி வருபவர் அவர். காலையில் ஒரு வீட்டில் தாயின் அழுகையைக் கேட்கிறார். மதியம் இன்னொரு வீட்டில் தகப்பனின் கோபத்தைத் தாங்குகிறார். மாலையில், ஆறு மாதமாகப் பயிற்சி தந்த குழந்தை காய்ச்சலில் இறந்ததைக் கேள்விப்படுகிறார். இவற்றை அவர் யாரிடம் சொல்லுவார்? வீட்டில் சொல்லக் கூடாது. ஊரில் சொல்லவே கூடாது. மேற்பார்வையாளரிடம்தான் சொல்ல முடியும். அப்படிச் சொல்லி மனதை ஆற்றிக்கொள்ள இடம் இருந்தால்தான், மறுநாள் உங்கள் வீட்டில் சிரித்த முகத்தோடு வந்து நிற்க முடியும். மாதத்தில் ஒரு நாள், "இன்னிக்கு எங்களுக்கு மீட்டிங், வர முடியாதுங்க" என்று அவர் சொன்னால் அதை வீண் நாள் என்று எண்ணாதீர்கள். அரிவாளைத் தீட்டும் நேரம் அறுப்புக்குக் கேடு அல்ல.

கேள்வியும் பதிலும்

கேள்வி: நம்ம வீட்டுச் சங்கதியை எல்லாம் மேலே போய்ச் சொல்றாங்களே, ஊருக்குத் தெரிஞ்சுடாதா?

பதில்: குழந்தையின் நன்மைக்குத் தேவையானதை மட்டும் ஊழியர் தம் மேற்பார்வையாளரிடம் பேசலாம். டீக்கடையில், குழாயடியில், அண்டை வீட்டில் பேசக் கூடாது. பேசினால் அது குற்றம், புகார் செய்யுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. குழந்தையை யாரேனும் வதைப்பதாக, பட்டினி போடுவதாகத் தெரிந்தால் அவர்கள் அதை மறைக்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098 இதற்காகவே இருக்கிறது.

கேள்வி: ஊழியர் ஒண்ணு சொல்றார், மேற்பார்வையாளர் வேற சொல்றார். யாரைக் கேட்கிறது?

பதில்: இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேளுங்கள். "எதுக்காக மாத்துறீங்க, சொல்லுங்க" என்று கேட்பது உங்கள் உரிமை. காரணம் விளங்கிய பின் செய்யுங்கள். விளங்கும் வரை குழந்தைக்கு வலி தரும் எதையும் செய்ய வேண்டாம்.

கேள்வி: எங்க ஊருக்கு ஊழியரும் வர்றதில்லை, மேற்பார்வையாளரும் வர்றதில்லையே?

பதில்: கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரிடம் காட்டி மாவட்ட மையத்துக்குச் சீட்டு வாங்குங்கள். 104 என்ற எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

கேள்வி: குறையோட பிறந்ததுக்கு நான்தான் காரணம்னு வீட்டுல ஏசுறாங்க. இதையும் அவங்ககிட்டச் சொல்லலாமா?

பதில்: கட்டாயம் சொல்லலாம். தாயைக் குற்றம் சொல்வது தவறு என்பதை வீட்டாருக்கு எடுத்துச் சொல்வதும் அவர்கள் வேலைதான். அடுத்த குழந்தைக்கு முன் போதிய இடைவெளி விடுங்கள். சொந்தத்தில் மணமுடித்தவர்கள், மறுபடி இக்குறை வர வாய்ப்பு உண்டா என்று டாக்டரிடம் இருவரும் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

நினைவில் வையுங்கள்

— மேற்பார்வை என்பது வேவு அல்ல; துணை.
— கணக்குப் பார்ப்பது, கற்றுத் தருவது, தெம்பு தருவது: மூன்றும் சேர்ந்ததே மேற்பார்வை.
— குழந்தையைத் தினமும் பார்க்கும் கண் உங்களுடையது. நீங்கள் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.
— உள்ளதைச் சொல்லுங்கள், விளங்காததைக் கேளுங்கள், சொன்னதைச் செய்யுங்கள்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க முடியும். ஊழியர் ஒரு கை, மேற்பார்வையாளர் ஒரு கை, தாயும் தகப்பனும் இரண்டு கை. நான்கு கைகளும் ஒரே பக்கம் இழுத்தால் உங்கள் பிள்ளை தன்னால் இயன்ற தூரம் நிச்சயம் போகும். அடுத்த முறை மேற்பார்வையாளர் உங்கள் வாசலில் வந்து நின்றால், "வாங்க, உட்காருங்க, கேக்கிறதுக்கு ரெண்டு விஷயம் இருக்கு" என்று சொல்லி அழையுங்கள்.